மூவர் வரிசை, நால்வர் வரிசை: புக்கிட் சண்டுவைக் காகித வீரர்களால் ஆடியது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் மேற்குப் பக்கம் ஒரு சமூக மன்ற அறை. ஒரு சனிக்கிழமை, காலையும் மதியமும் இரண்டு அமர்வுகள், அமர்வுக்கு 12 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். ஆட வேண்டிய சண்டை, 1942 பிப்ரவரி 13, 14 தேதிகளில் பாசிர் பாஞ்சாங் மேட்டில் நடந்தது. நடத்தியவர்கள் மேசைப்போர் ஆட்டத்தில் பித்துப் பிடித்த தமிழர்கள் ஐந்து பேர்: ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் துறைமுக ஊழியர், மற்ற மூவரும் கணினி முன்னால் உட்கார்ந்து சம்பாதிப்பவர்கள். வழக்கமாக நாங்கள் பிளாஸ்டிக், உலோக உருவங்களை வைத்துத்தான் ஆடுவோம். இந்த ஆட்டத்துக்கு மட்டும் காகிதத்துக்கு மாறினோம். ஏன் மாறினோம், மாறிய பிறகு மேசையில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒன்றை வேறு மன்றத்திலோ பள்ளியிலோ நடத்த நினைப்பவர்களுக்கு உதவலாம்.

காகித உருவம் என்றாலே நம் ஆட்டக்காரர்களிடம் ஓர் இளக்காரம் உண்டு. காசு இல்லாதவனின் மினியேச்சர் என்பார்கள். விலை எங்களுக்கும் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் அன்று காகிதம் கைகொடுத்த இடம் வேறு. காலை அமர்வில் ஓட்டை தெரிந்துபோன ஒரு படைப்பிரிவைச் சாப்பாட்டு இடைவேளையில் திருத்தி, அச்சடித்து, வெட்டி, ஒட்டி, மதியம் மேசையில் நிறுத்திவிட்டோம். உலோகத்தில் வார்த்த வீரனிடம் இது நடக்காது.

மேட்டில் நடந்தது

1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியப் படை ஜொகூர் நீரிணையைக் கடந்து தீவின் வடமேற்கில் இறங்கியது. 13ஆம் தேதி சண்டை தெற்கே பாசிர் பாஞ்சாங் மேட்டுக்கு வந்துவிட்டது. தாக்கியது முத்தாகுச்சி ரென்யாவின் 18ஆம் டிவிஷன். தடுத்து நின்றவர்கள் முதலாம் மலாயா பிரிகேடும் 44ஆம் இந்தியப் பிரிகேடும். மேட்டுக்குப் பின்னால் அலெக்சாண்ட்ரா பகுதியின் வெடிமருந்துக் கிடங்கும் ராணுவ மருத்துவமனையும் நார்மன்டன் எண்ணெய்க் கிடங்கும் இருந்தன. அதனால்தான் அந்த மேட்டுக்கு இத்தனை விலை.

மலாய் ரெஜிமென்டுக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை. 1933இல் போர்ட் டிக்சனில் 25 பேருடன் தொடங்கிய படை அது. அதன் சி கம்பெனி 13ஆம் தேதி நள்ளிரவில், ராணுவ வரைபடம் பாயின்ட் 226 என்று குறித்த குன்றுக்கு மாறச் சொல்லி உத்தரவு பெற்றது. அதுதான் புக்கிட் சண்டு. மறுநாள் காலையிலிருந்து பீரங்கியும் மோர்ட்டாரும் குன்றைப் புரட்டின. பிற்பகலில், பஞ்சாபிச் சிப்பாய்களைப் போலத் தலைப்பாகை கட்டிய ஓர் அணி பாதுகாப்பு வரிசையை நோக்கி நடந்து வந்தது. லெப்டினன்ட் அட்னான் சைடியின் ஆட்களுக்குச் சந்தேகம் தட்டியதற்குக் காரணம் அணிவகுப்பு. பிரிட்டிஷ் முறையில் பழகியவர்கள் மூன்று மூன்று பேராக நடப்பார்கள். வந்தவர்கள் நான்கு நான்காக வந்தார்கள். சுட்டார்கள், வேஷம் கலைந்தது. சுமார் இரண்டு மணி நேரம் கழித்துப் பெருந்தாக்குதல் வந்தது. தோட்டா தீர்ந்து, கத்தியும் கையுமாக முடிந்த சண்டை அது. பின்வாங்கவும் வழியில்லை: நார்மன்டனிலிருந்து வழிந்த எண்ணெய் பெரிய கால்வாயில் எரிந்துகொண்டிருந்தது. அட்னான் அங்கேயே கொல்லப்பட்டார். அடுத்த நாள் ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷார் சரணடைந்தார்கள்.

இதெல்லாம் சிங்கப்பூரில் படித்த எல்லாருக்கும் ஓரளவு தெரிந்த கதைதான். பெப்பிஸ் சாலையில் ஒரு பழைய பங்களாவில் 2002 முதல் நினைவகம் இருக்கிறது. கென்ட் ரிட்ஜ் பூங்காவிலிருந்து மர உச்சிகளை ஒட்டிப் போகும் நடைபாலத்தில் நடந்தே அங்கே போய்விடலாம். வரைபடம் போடுவதற்கு முன் நாங்கள் ஐவரும் ஒருமுறை அப்படி நடந்தோம். சரிவு எவ்வளவு செங்குத்து என்பது காலுக்குத் தெரிந்தால்தான் மேசையில் குன்றை எத்தனை அடுக்காகக் கட்டுவது என்று தெரியும்.

ஆட்டத்தைத் திட்டமிடும்போதே இரண்டு விஷயங்களைத் தீர்மானித்துக்கொண்டோம். அட்னானுக்குத் தனி உருவம் கிடையாது. ஒரு பையன் பகடை உருட்டி அவர் பிழைப்பதா சாவதா என்று முடிவு செய்வது எங்களுக்கு உவப்பாக இல்லை. அப்புறம், மருத்துவமனை வரைபடத்துக்கு வெளியே. 14ஆம் தேதி அங்கே நோயாளிகளுக்கும் மருத்துவ ஊழியர்களுக்கும் நடந்த படுகொலை ஆட்டப் பொருள் ஆகாது. ஆட்டம் முடிந்தபின் ஆசிரியர் அதைத் தனியாகப் பேசினார்.

பேசினால் கெடும் தந்திரம்

முதலில் கையில் இருந்ததை வைத்துத்தான் ஒரு வெள்ளோட்டம் பார்த்தோம், உறுப்பினர் ஒருவரின் நான்கறை வீட்டில். அவரிடம் 28 மில்லிமீட்டர் அளவில் ஐரோப்பியப் போர்முனை உருவங்கள் ஏராளம். மலாய் ரெஜிமென்ட் உருவங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்றால், தேடிப் பிடிக்க வேண்டும், தபால் கட்டணம் கட்ட வேண்டும், 2024 முதல் 9 விழுக்காடாகிவிட்ட பொருள் சேவை வரியையும் சேர்க்க வேண்டும். வந்த பிறகு ஒவ்வொரு சிப்பாய்க்கும் வண்ணம் பூச ஒரு மாலை போய்விடும். வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்கு அது நடக்கிற காரியமா?

ஆனால் அதையெல்லாம்கூட எப்படியோ சமாளித்திருக்கலாம். தீராத சிக்கல் அந்த வேஷ அணிதான்.

வெள்ளோட்டத்தில் நடந்தது இது. "இந்த ஜெர்மன்காரர்களை ஜப்பானியர்களாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் சொன்னார். சரி. "அந்தப் பச்சைச் சட்டைக்காரர்கள் மலாய் ரெஜிமென்ட்." சரி. அடுத்து மேசையின் ஓரத்தில் ஓர் அணியை வைத்து, "இவர்கள் பஞ்சாபிகள் மாதிரி..." என்று ஆரம்பித்ததும் எதிரே உட்கார்ந்திருந்தவர் பகடையைக் கையில் எடுத்துவிட்டார். ஒரு உருவத்துக்குப் பதில் இன்னொன்றை வைத்து ஆடும்போது அது யார் என்று வாயால் சொல்லியாக வேண்டும். வாயால் சொன்ன பிறகு மாறுவேஷம் ஏது? பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் அந்தக் குன்றில் இருந்தவர்களின் நிலைமை ஆடுபவருக்கு வரவே வராது. மூவரா நால்வரா என்பது கண்ணில் பட வேண்டும். அதற்கு அந்த மூவரையும் நால்வரையும் நாமே வரைந்தால்தான் உண்டு.

தட்டையான உருவங்களோடு போர் ஆடுவது புதிதும் அல்ல. பிரஷ்ய அதிகாரியான ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட போர்ப்பயிற்சி ஆட்டத்தில் படைகள் வரைபடத்தின் மேல் நகரும் வெறும் சிறு கட்டைகள்தான். அதை வைத்தே ஒரு ராணுவம் தன் அதிகாரிகளைப் பழக்கியது. ஸ்ட்ராஸ்பூர்க் நகரம் அச்சுத்தாளில் வெட்டியெடுக்கும் சிப்பாய்களுக்குப் பெயர்போனது. நம் காலத்துக்கு வந்தால், ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் 1980இல் கொண்டுவந்த கார்ட்போர்ட் ஹீரோஸ் என்ற அட்டை உருவங்கள். இப்போது பிடிஎஃப் வாங்கி வீட்டிலேயே அச்சடித்துக்கொள்கிறார்கள். வாங்கிய பிடிஎஃப்பை 24 மாணவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்க உரிமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலானவை சொந்த உபயோகத்துக்கு மட்டும். எங்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை, எல்லாவற்றையும் நாங்களே வரைந்ததால். எங்களில் ஒருவருக்குக் கோட்டோவியம் நன்றாக வரும். மற்றவர்கள் வண்ணம் நிரப்பினோம்.

ஒரு கம்பெனி, ஒரு தாள்

செய்முறையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன். காகித உருவம் பிடிக்காமல் போனவர்களில் பாதிப் பேர் அதைச் சரியாகச் செய்து பார்க்காதவர்கள் என்பது என் எண்ணம்.

ஏ4 தாளை நெட்டுவாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். உருவத்தின் உயரம் 30 மில்லிமீட்டர். முன்பக்கப் படம், அதற்கு மேலே தலைகீழாகப் பின்பக்கப் படம், இரண்டு முனையிலும் பேஸில், அதாவது உருவம் நிற்கும் அடித்தட்டில், ஒட்டுவதற்கு 15 மில்லிமீட்டர் மடிப்பு. ஆக ஒரு துண்டின் நீளம் 90. பேஸின் அகலம் 40. ஓரம் விட்டுப் பார்த்தால் குறுக்கே நான்கு, நெடுக்கே மூன்று, தாளுக்கு 12. டிபிஏ என்ற மேசைப்போர் விதித்தொகுப்பில் ஆடுபவர்களுக்கு இந்த எண்கள் பழக்கமானவை: 15 மில்லிமீட்டர் உருவங்களுக்கு அதில் பேஸ் அகலம் 40, ஒரு படைக்கு 12 பேஸ். எங்கள் கணக்கில் ஒரு பேஸ் ஒரு செக்‌ஷன், அதாவது பிளாட்டூனின் ஒரு சிறு பிரிவு. மூன்று பிளாட்டூனுக்கு ஒன்பது, கம்பெனித் தலைமைக்கு ஒன்று, மெஷின்கன்னுக்கு இரண்டு. மொத்தக் கம்பெனியும் ஒரே தாளில். தேசிய சேவையில் கம்பெனி கிளார்க்காக இருந்த நண்பர், தன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கம்பெனியைக் கிளியர் ஃபைலில் போட்டு எடுத்துப் போகிறேன் என்றார்.

முன்னும் பின்னும் தனித்தனியாக அச்சடித்துச் சேர்ப்பதைவிட ஒரே பக்கம் அச்சடித்து உச்சியில் மடிப்பது நல்லது. இரண்டு பக்கமும் அச்சடித்தால் பிரிண்டர் எப்போதும் ஒரு மில்லிமீட்டர் தள்ளித்தான் அடிக்கும். சிப்பாயின் முதுகு அவன் நெஞ்சைவிட அகலமாகிவிடும்.

தாளுக்கு நார் ஓட்டம் உண்டு. தாளை இரு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் இணக்கமாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். கடையில் கிடைக்கும் ஏ4 தாள்களில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடுகிறது. எனவே நெட்டுவாக்கில் அச்சடித்த வீரன் நாரோடு சேர்ந்து விறைப்பாக நிற்பான். இதில் ஒரு தொல்லையும் ஒட்டிக்கொண்டு வரும்: உச்சி மடிப்பு நாருக்குக் குறுக்கே விழும், லேசர் அச்சின் மை அந்த இடத்தில் வெடித்து, எல்லாருக்கும் தலையில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்தி ஒரு கீறு கீறிவிட்டு மடித்தால் வெடிப்பு குறையும். மீதியைக் கறுப்பு மார்க்கர் மறைத்துவிடும். அதே மார்க்கரை வெட்டிய ஓரம் முழுக்க ஓட்டுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே போதும், தாள் துண்டு உருவமாகிவிடும். செய்யாவிட்டால் என்னதான் அழகாக வரைந்திருந்தாலும் ஓரத்து வெள்ளைதான் முதலில் கண்ணில் குத்தும்.

நாங்கள் எடுத்தது 160 ஜிஎஸ்எம் கனமுள்ள தாள். மடித்து ஒட்டினால் இரட்டிப்பாகிவிடுகிறது. அதற்கு மேல் கனத்தால் கட்டரோடு மல்லுக்கட்ட வேண்டும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை வேண்டாம், தாள் ஊறி நெளியும். குச்சிப் பசையைத் தடவி, தடித்த புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் போதும்.

நம் ஊர் ஈரப்பதத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். இங்கே காற்றில் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரம். குளிரூட்டிய அறையில் செய்ததை அடுக்குமாடி புளோக்கின் திறந்த வெற்றுத்தளத்தில் கொண்டுபோய் வைத்தால் தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்திருந்தாலோ, மறுபக்கம்தான் ஊதும். வீரன் முதுகை வளைத்துக் கும்பிடு போடுவான். மடித்து ஒட்டிய உருவத்தில் இரண்டு பக்கமும் ஒரே தாள், ஒரே நார் ஓட்டம் என்பதால் இழுப்பும் இரண்டு பக்கமும் சமம். நேராக நிற்கும். வார்னிஷ் அடிப்பதானால் இரு பக்கமும் அடியுங்கள், இல்லை என்றால் விட்டுவிடுங்கள். இங்க்ஜெட் மை வியர்வைக் கையில் கரையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகள் 12 பேர் தொடும் ஆட்டத்துக்கு லேசர்தான் சரி.

ஈரப்பதத்துக்கு அடுத்த எதிரி மின்விசிறி. பேஸுக்கு அடியில் எடை வேண்டும். ஐந்து காசு நாணயத்தை ஒட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். புது வரிசை நாணயங்கள் முலாம் பூசிய எஃகு என்பதால் காந்தத் தகட்டிலும் ஒட்டி நிற்கும். நாணயத்தைச் சேதப்படுத்துவது இங்கே குற்றம், பசை தடவுவது அதில் சேருமா சேராதா என்ற விவாதத்தை மாணவர்கள் முன்னிலையில் நடத்த ஆசிரியருக்கு விருப்பமில்லை. இரும்புக் கடையில் வாஷர் வாங்கினோம். அதுவும் காந்தத்தில் ஒட்டும்.

வண்ணத்தைப் பற்றி ஒன்று. இந்தச் சண்டையில் எல்லாருமே காக்கி. உண்மையான நிறத்தில் அடித்தால் மேசை முழுக்க ஒரே மண் நிறம், யார் எந்தப் பக்கம் என்றே தெரியாது. எனவே நிறத்தை நம்பாமல் வெளிக்கோட்டை நம்பினோம். பிரிட்டிஷ் பாணி இரும்புத் தொப்பி அகலமான விளிம்போடு தட்டையாக இருக்கும். ஜப்பானியத் தொப்பியின் பின்னால் கழுத்து மறைக்கும் துணி தொங்கும். தலையைச் சுற்றிக் கவனமாக வெட்டினால் ஒரு மீட்டர் தள்ளியிருந்தும் இனம் தெரியும். கால்களுக்கு இடையில் வெட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, அங்கே புல் வரைந்துவிடலாம்.

செலவைக் கேட்பார்கள். தாக்கும் படைக்கு மூன்று தாள், தடுக்கும் படைக்கு ஒன்று, வேஷ அணிக்கும் சில்லறைக் குறிகளுக்கும் ஒன்று. அச்சுச் செலவு உணவங்காடி நிலையத்தில் ஐந்து பேர் உட்கார்ந்து சாப்பிட்ட செலவைத் தாண்டவில்லை. மூன்றுக்கு ஒன்று என்ற கூட்டத்தை மேசையில் அப்படியே காட்ட முடிந்ததும் இதனால்தான். வண்ணம் பூசிய உருவங்களில் தாக்கும் படை எப்போதும் எண்ணிக்கையில் ஏமாற்றும், பூசி முடித்தது அவ்வளவுதான் என்பதால்.

காலை

வேஷ அணியை இப்படி அமைத்தோம்: 40க்கு 60 பேஸ், அதில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் தலைப்பாகையோடு நான்கு பேர். ஆடுபவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கலாம், எழக் கூடாது, தொடக் கூடாது. அணி நெருங்கி வரும். சுடுவதா விடுவதா என்பது குன்றில் இருக்கும் ஆறு பேரின் பொறுப்பு. நாங்கள் எதுவும் சொல்ல மாட்டோம்.

அணி மேசைக்கு வந்த சுற்றிலேயே சுட்டுவிட்டார்கள். எதை வைத்துத் தெரிந்தது என்று கேட்டோம். "அதோட கலர் வேற அண்ணா, மத்ததெல்லாம் மங்கலா இருக்கு, இது பளிச்சுன்னு இருக்கு" என்றான் ஒருவன். தாள்களை இரண்டு பேர் இரண்டு வீடுகளில் அச்சடித்திருந்தார்கள். அவன் பிடித்தது இரண்டு பிரிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசத்தை.

பக்கத்தில் இருந்த மாணவி சொன்ன காரணம் இன்னும் முக்கியமானது. "நம்ம ஆளுங்க யாரும் இந்தப் பக்கம் வரவே இல்லையே. வர்றவங்க எல்லாம் எதிரிதானே?" ஆமாம், எங்கள் ஆட்டத்தில் நட்பு அணி என்று ஒன்றே கிடையாது. அன்று அந்த மேட்டில் 44ஆம் இந்தியப் பிரிகேடும் இருந்தது. தலைப்பாகைக்காரர்கள் நண்பர்களாக இருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. அந்த வாய்ப்பு இருந்ததால்தான் வேஷமே போட்டார்கள். மேசையில் அந்த வாய்ப்பு இல்லை என்றால் சந்தேகத்துக்கும் இடமில்லை, எல்லாரையும் சுட்டுவிடலாம். இந்தக் கேள்வி எங்கள் ஐந்து பேருக்கும் தோன்றாமல், பதின்மூன்று வயதுப் பெண் கேட்டாள்.

மற்றபடி காலை ஆட்டம் நன்றாகவே போனது. எரியும் கால்வாய்க்காக ஆரஞ்சும் கறுப்புமாக அச்சடித்த நீளத் துண்டு எல்லாருக்கும் பிடித்துப்போனது. பின்வாங்கப் பார்த்தவர்கள் அதன் முன்னால் போய் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். விதியில் வழி கிடையாது.

மதியம்

எதிர் புளோக்கில் எங்கள் உறுப்பினர் ஒருவரின் வீடு, அங்கே லேசர் பிரிண்டர். ஒருவர் சாப்பாடு வாங்கப் போக, இரண்டு பேர் அங்கே ஓடினார்கள். காலையில் இருந்த அணியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே ஒரு சிப்பாயின் படத்தை எடுத்துக்கொண்டார்கள். அவனை மூன்று முறை ஒட்டினால் ஓர் அணி, ஆளுக்கு 13 மில்லிமீட்டர் இடம். நான்கு முறை ஒட்டினால் இன்னோர் அணி, ஆளுக்கு 10. தலைப்பாகை, சட்டை, கை வீச்சு, நிறம், எல்லாம் ஒன்றே. ஒரே பிரிண்டர், ஒரே தாள். எந்த அணி முதலில் வரும் என்பதை நடுவர் ஒரு பகடையை மறைத்து உருட்டித் தீர்மானிப்பார். புது விதி ஒன்றும் சேர்ந்தது: நண்பர்களைச் சுட்டால் அந்த செக்‌ஷன் அடுத்த சுற்றில் எதுவும் செய்ய முடியாது.

மதியம் முதலில் வந்தது மூவர் அணி. குன்றில் இருந்தவர்கள் காலை ஆடியவர்களிடம் விசாரித்திருப்பார்கள் போலிருக்கிறது. "தலைப்பா கட்டினவங்க ஜப்பான்" என்ற செய்தி பரவியிருந்தது. ஒருத்தி மட்டும் பொறுங்கள் என்றாள். மற்றவர்கள் பொறுக்கவில்லை. சுட்டார்கள். நடுவர் அந்த அணியை எடுத்து, இவர்கள் உங்கள் ஆட்கள் என்று சொல்லி, மேசைக்கு வெளியே வைத்தார். கொஞ்ச நேரம் யாரும் பகடையைத் தொடவில்லை.

இரண்டு சுற்று கழித்து நால்வர் அணி வந்தது. இந்த முறை எண்ணினார்கள். தலைப்பாகைகள் ஒன்றோடொன்று உரசி நின்றதால் தலையை எண்ண முடியவில்லை. ஒரு பையன் கன்னத்தை மேசையில் வைத்துக் கீழே பார்த்தான். "எட்டு பூட்ஸ் இருக்கு. நாலு பேர்." தெரிந்துவிட்டது. ஆனாலும் சுடவில்லை! கொஞ்சம் முன்னால் சுட்டு நண்பர்களைக் கொன்றவன், "எனக்கு வேணாம், நீ சுடு" என்றான். அடுத்தவன், "நல்லா எண்ணுடா, மூணு பேர் நடுவுல நிழலா இருக்கும்" என்றான். அவர்கள் பேசிக்கொண்டே இருக்க அணி இரண்டு பேஸ் தூரத்துக்கு வந்து, வேஷத்தைக் களைந்து, அகழிக்குள் புகுந்தது. காலையைவிடச் சீக்கிரமாகவே குன்று விழுந்தது.

உண்மையில் நடந்தது இதற்கு நேர்மாறு. குன்றில் இருந்தவர்கள் கண்டுபிடித்தார்கள், தயங்காமல் சுட்டார்கள். மாணவர்கள் தப்பான வரலாற்றோடு வீட்டுக்குப் போய்விடக் கூடாதே என்ற கவலை ஆசிரியருக்கு இருந்தது, எனவே முடிவில் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னார். என் பார்வையில் மதிய ஆட்டம்தான் வெற்றி. குண்டுமழைக்குப் பிறகு, தூக்கமில்லாமல், வரும் அணியை எண்ணிப் பார்த்துச் சுடச் சொன்ன முடிவு எவ்வளவு பெரியது என்று அந்த ஆறு பேருக்கும் இனி விளக்க வேண்டியதில்லை.

அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாய், "சண்டையைப் போய் விளையாட்டாக்கலாமா தம்பி?" என்று கேட்டார். அவருடைய தாத்தா சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர். என்னிடம் அதற்குத் தயாரான பதில் இல்லை, ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தேன். கடைசி வரை இருந்தார். ஆட்டம் முடிந்தபின், ஃபேரர் பார்க்கில் 1942 பிப்ரவரி 17 அன்று இந்தியப் போர்க்கைதிகளை ஜப்பானியரிடம் ஒப்படைத்ததைப் பற்றி ஆசிரியர் பேசியபோது, அதிகமாகக் கேள்வி கேட்டவர் அவர்தான்.

சரிப்படாதவை

காகிதம் பக்கவாட்டில் காணாமல் போகும். மேசையின் இரு முனைகளிலும் உட்கார்ந்தவர்களுக்குத் தெரிந்தது வரிசையாகக் கோடுகள் மட்டுமே. தங்கள் படை எங்கே என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நாற்காலிகளை நீளவாக்கில் இரண்டு பக்கமும் மட்டும் போட்டால் இது பாதி தீரும். எதிரெதிரே முகம் பார்த்து மோதும் சண்டைக்குத்தான் காகிதம் பொருத்தம். நாலு பக்கமும் சுற்றி வளைக்கும் சண்டை என்றால் நான் இன்னமும் பிளாஸ்டிக்கைத்தான் எடுப்பேன்.

மெஷின்கன் இன்னொரு தலைவலி. துப்பாக்கி நம்மை நோக்கி நீட்டியிருப்பதைத் தட்டைப் படத்தில் காட்டுவது வரைபவருக்குக் கடினம், பக்கவாட்டில் வரைந்தால் அது எந்தத் திசையில் சுடுகிறது என்று சண்டை வரும். வந்தது. பேஸில் ஓர் அம்புக்குறி போட்டு முடித்தோம். அழகில்லை.

மூலை மடங்கும். ஒரு நாள் ஆட்டத்துக்குப் பிறகு பத்துக்கு இரண்டு உருவங்கள் தலை சாய்ந்திருந்தன. மறுபடி அச்சடித்துக்கொள்ளலாம் என்பதால் யாரும் பதறவில்லை. பிள்ளைகள் பயமில்லாமல் தொட்டு ஆடியதற்கும் அதுதான் காரணம். என் உலோக உருவங்களை அவர்கள் தொட்டிருந்தால் நான் பதறியிருப்பேன், அவர்களும் அதைக் கவனித்திருப்பார்கள்.

சேமிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாஷர் ஒட்டிய பேஸ்கள் காந்தத் தகடு ஒட்டிய ஒரு பிஸ்கட் டப்பாவில் அடங்கின. எங்கள் எல்லாருடைய வீட்டிலும் அலமாரிகளை ஏற்கெனவே வேறு படைகள் ஆக்கிரமித்திருக்கின்றன.

அடுத்த அமர்வுக்கு முன்னால் தீர்க்க வேண்டிய ஒரு தகராறு பாக்கி இருக்கிறது. முதல் அணியைச் சுட வேண்டாம் என்று சொன்ன அந்த மாணவி கிளம்பும்போது ஒரு கேள்வி போட்டுவிட்டுப் போனாள்: நம் ஆட்கள் மூன்று பேராக வரும்போது, அடிபட்ட ஒருவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தால் நான்கு பேராகத்தானே தெரியும்? கோட்டோவியக்காரர் அன்றிரவே அதை வரைந்து அனுப்பிவிட்டார். மூவர் வரிசைக்கு நடுவில் தலையில் கட்டோடு ஒருவர், எட்டு பூட்ஸ். ஆசிரியருக்கு இது பிடிக்கவில்லை. எண்ணுவதே பயனில்லை என்றாகிவிட்டால் மாணவர்கள் பகடையை நம்ப ஆரம்பித்துவிடுவார்கள் என்கிறார். துறைமுக நண்பரோ, கட்டு போட்டவரின் ஒரு காலை மட்டும் செருப்பாக வரைந்துவிடுங்கள், கூர்ந்து பார்ப்பவனுக்கு அது போதும் என்கிறார். இரண்டு தாளும் அச்சாகிவிட்டன. எதை வெட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை.